விளக்குப்பொறியில் விழாத பூச்சிகள்

பூச்சி விஞ்ஞானி என்று சொன்னால் ஊரில் பாதிப் பேர் பூச்சிமருந்து விற்கிறவர் என்று நினைத்துக்கொள்கிறார்கள். மீதிப் பேர் கரப்பான்பூச்சிக்கு வழி கேட்கிறார்கள். லீலா மேரிக்கு இரண்டும் பழகிவிட்டது. கல்யாணப் பந்தியில் உட்கார்ந்தால் பக்கத்து இலைக்காரர், "தென்னையில வண்டு விழுது மேடம்" என்று ஆரம்பிப்பார். சாம்பார் வருவதற்குள் அந்த வண்டு எங்கே முட்டை வைக்கும், எத்தனை மாதம் எருக்குழியில் புழுவாகக் கிடக்கும் என்பது வரை சொல்லி முடித்துவிடுவாள். கெட்டிக்காரிதான், சந்தேகமில்லை. ஒரே ஒரு குணம் கொஞ்சம் இடிக்கும். தான் சொன்னது சரியாகிவிட்டால் ஒரு வாரத்துக்கு அதையே சொல்லிக்கொண்டிருப்பாள். அவள் கணவன் ஜோசப் பள்ளிக்கூட வாத்தியார் என்பதால் பொறுமையாகக் கேட்டுக்கொள்வான்.

வரதராசன்பேட்டைக்காரி. அரியலூர் மாவட்டத்து ஆராய்ச்சி நிலையம் ஒன்றில் நெல்லுக்கு வரும் பூச்சிகள் அவள் பொறுப்பு. தா.பழூருக்குத் தெற்கே நல்லாங்குடிக்காட்டில், சாமிதுரையின் வயல் வரப்போரம் ஒரு விளக்குப்பொறி நிறுத்தியிருந்தாள். ஒரு கம்பம், அதன் உச்சியில் ஒரு பல்பு, பல்புக்குக் கீழே பெரிய புனல், புனலுக்கு அடியில் ஒரு டப்பா. விஞ்ஞானம் அவ்வளவுதான். இரவில் வெளிச்சத்துக்குப் பறந்து வரும் பூச்சி புனலில் சறுக்கி டப்பாவுக்குள் விழும். காலையில் நிலையத்துக் களப்பணியாளர் ஜெயப்பிரகாஷ் டப்பாவை வெள்ளைத் தட்டில் கொட்டி, தூரிகையால் வகை வகையாக ஒதுக்கி எண்ணுவார். எண்ணிக்கை ஏறினால் வயலில் பூச்சி பெருகுகிறது என்று அர்த்தம். இறங்கினால் அடங்குகிறது. வாரம் ஒருமுறை லீலா மேரியே சேற்றில் இறங்கி, பயிரை விலக்கி, அடித்தண்டில் ஒட்டியிருப்பவற்றையும் எண்ணிப் பார்ப்பாள். இரண்டையும் வைத்துத்தான் விவசாயிகளின் வாட்ஸ்அப் குழுவில் வாராவாரம் பேசிப் போடுவாள்.

இத்தனை ஏற்பாடும் முக்கியமாக ஒரே ஒரு எதிரிக்காக. அதற்குப் பெயர் புகையான். எள்ளளவு பழுப்புப் பூச்சி. தண்ணீர் மட்டத்துக்குச் சற்று மேலே தண்டைச் சுற்றிக் கூட்டமாக உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும். மேலிருந்து பார்ப்பவருக்குப் பயிர் பச்சைப்பசேலென்று இருக்கும். ஒருநாள் காலையில் வந்து பார்த்தால் வயல் நடுவில் வட்டமாக, தீய்ந்துபோன மாதிரி காய்ந்து நிற்கும். பிறகு அந்த வட்டம் நாளுக்கு நாள் விரியும்.

இதற்குப் பயந்து நல்லாங்குடிக்காட்டில் பூச்சி வந்தாலும் அடிப்பார்கள், வராவிட்டாலும் அடிப்பார்கள். மருந்துக்கடைக்காரர் இரண்டு பாட்டிலைக் கலக்கச் சொன்னால், மூன்றாவதையும் வாங்கி ஊற்றினால்தான் சிலருக்குத் தூக்கமே வரும். அந்த மருந்தில் முதலில் செத்து விழுவது புகையானைப் பிடித்துத் தின்னும் சிலந்தியும், அதன் முட்டையைக் குடிக்கும் பச்சை நாவாய்ப்பூச்சியும்தான். தட்டிக்கேட்க ஆளில்லாத வயலில் அடுத்த கூட்டம் இரண்டு மடங்காக வந்து இறங்கும். மூன்று வருஷமாக லீலா மேரி இதைத் தொண்டைத் தண்ணீர் வற்றச் சொன்னாள். எல்லாரும் தலையாட்டினார்கள். தலையாட்டிய கையோடு கடைக்குப் போனார்கள்.

இந்த வருஷம் சாமிதுரை ஒருவர் மட்டும் போகவில்லை. ஐம்பது வயது ஆள், நறுக்கென்று பேசுவார். மேல வயல், கீழ வயல் என்று அவருக்கு இரண்டு வயல். குடும்பத்தின் ஒரு வருஷத்துப் பாடு முழுக்க அந்தச் சம்பா நெல்லில்தான் இருந்தது. அவர் மனைவி பாப்பாத்திக்கு இந்தப் பரீட்சையில் துளியும் சம்மதமில்லை.

"ஊரே அடிக்குது. நாம மட்டும் கையைக் கட்டிக்கிட்டு நிக்கணுமா?" என்று லீலா மேரியின் காதில் விழும்படியே கேட்டாள்.

சாமிதுரை லீலா மேரி பக்கம் திரும்பினார். "அடிக்க வேணாம்னு சொல்றீங்க, சரி, அடிக்கல. ஆனா அடிக்கணுங்கிற நேரம் வந்தா நீங்கதான் சொல்லணும். உங்க பேச்சை நம்பித்தான் விடுறேன் மேடம்."

"கண்டிப்பா சொல்லுவேங்க. அது என் பொறுப்பு" என்றாள் லீலா மேரி. சொல்லும்போது அவளுக்கு உடம்பெல்லாம் ஒரு சந்தோஷம். மூன்று வருஷத்தில் முதல் ஆள் அல்லவா!

நவம்பர் கடைசியில் அவளைப் பெரம்பலூருக்கு அனுப்பிவிட்டார்கள். அங்கே மக்காச்சோளத்தில் படைப்புழு. சிறுவாச்சூர்ப் பக்கத்துக் காடுகளில் விவசாயிகளுக்கு ஒரு வாரப் பயிற்சி. காலையிலிருந்து மாலை வரை மக்காச்சோளக் குருத்தைப் பிரித்து, புழு தின்று போட்டிருக்கும் மரத்தூள் மாதிரியான எச்சத்தைக் காட்டிக் காட்டி அவளுக்குக் கை வலித்தது. அந்த வாரம் நல்லாங்குடிக்காட்டில் சேற்றில் இறங்கிப் பயிரை விலக்கி எண்ண ஆளில்லை. ஜெயப்பிரகாஷ் தினமும் காலையில் வெள்ளைத் தட்டைப் படமெடுத்து அனுப்பிக்கொண்டிருந்தார்.

வெள்ளிக்கிழமை வரை படிப்படியாக ஏறிக்கொண்டிருந்த புகையான், சனிக்கிழமைத் தட்டில் சட்டென்று பாதியாகியிருந்தது. ஞாயிற்றுக்கிழமை அதிலும் குறைவு. திங்கட்கிழமை தட்டில் விரல்விட்டு எண்ணிவிடலாம்.

லீலா மேரி ஒன்றும் யோசிக்காமல் நம்பிவிடவில்லை. பௌர்ணமியை ஒட்டி நிலா வெளிச்சம் இருந்தால் விளக்குப்பொறிக்குப் பூச்சி குறைவாகத்தான் வரும். இது அந்தத் தொழிலில் பாலபாடம். காலண்டரைப் பார்த்தாள். அமாவாசை. மழை பெய்ததா என்று கேட்டாள். இல்லை. பல்பு எரிந்ததா? நன்றாக எரிந்தது. அப்படியென்றால் சந்தேகமே இல்லை, சிலந்தியும் நாவாய்ப்பூச்சியும் வேலையைக் காட்டிவிட்டன. மருந்தில்லாமலே புகையான் அடங்கிவிட்டது. மூன்று வருஷம் சொன்னது பலித்துவிட்டது!

சிறுவாச்சூரில் திங்கட்கிழமைக் கூட்டம் காளி கோயிலுக்குப் போய்க்கொண்டிருந்தது. டீக்கடை ஓரமாக ஒதுங்கி நின்று செல்போனை வாயருகே பிடித்துப் பேசினாள்.

"நல்லாங்குடிக்காடு விவசாயிகளுக்கு வணக்கம். புகையான் நல்லா இறங்கிடுச்சு. இந்த வாரம் யாரும் மருந்து அடிக்க வேணாம். நல்லது செய்யிற பூச்சிங்க வேலை பார்க்குது, விடுங்க, பார்க்கட்டும்."

இரவு ஜோசப்பிடம் போனில் அரை மணி நேரம் இதையே சொன்னாள். அவனும் பொறுமையாகக் கேட்டுக்கொண்டான்.

பயிற்சி முடிந்து அவள் திரும்பியது வெள்ளிக்கிழமை மாலை. நேராக நல்லாங்குடிக்காட்டுக்குத்தான் வரவேண்டியிருந்தது. அங்கே அமலோற்பவ மாதா கோயில் திருவிழா. கொடியேற்றி ஒரு வாரமாகியிருந்தது. நவநாள் பூசையில் அன்றைக்கு அவர்கள் குடும்பத்து உபயம். திருவிழாக் கமிட்டியின் பொறுப்பு மரியசூசையிடம். லீலா மேரிக்கு அவர் சித்தப்பா முறை. அவர் கேட்டுக்கொண்டதால் கோபுரத்து விளக்கு அலங்காரத்தையும் இந்த வருஷம் அவளும் ஜோசப்புமே ஏற்றிருந்தார்கள். பஸ்ஸை விட்டு இறங்கியதும் தூரத்திலேயே தெரிந்தது. கோபுரம் முழுக்கச் சீரியல் பல்பு, முற்றத்தைச் சுற்றிக் கண்ணைக் கூசும் ஃபோகஸ் லைட்டுகள். "உபயம்: ஜோசப் – லீலா மேரி குடும்பத்தார்" என்று போர்டு வேறு.

கூட்டம் அதிகம் என்பதால் பூசை முற்றத்திலேயே நடந்தது. மன்றாட்டு வாசித்துக்கொண்டிருந்தபோது முன்வரிசையில் ஒரு குழந்தை கண்ணைக் கசக்கிக்கொண்டு அழுதது. பெண்கள் முக்காட்டை உதறினார்கள். பீடத்தின் வெள்ளைத் துணிமேல் பொடிப் பொடியாக என்னவோ விழுந்துகொண்டிருந்தது. லீலா மேரி கையில் இருந்த பாட்டுத்தாளிலும் ஒன்று விழுந்து நகர்ந்தது. மற்றவர்கள் ஊதித் தள்ளியதை அவள் குனிந்து பார்த்தாள். பழுப்பு நிறம், கண்ணாடி மாதிரி நீள இறகு. இன்னொன்று விழுந்தது. அதுவும் அதே.

அண்ணாந்து ஃபோகஸ் லைட்டைப் பார்த்தாள். வெளிச்சத்தைச் சுற்றிப் புகை மாதிரி மொய்த்துக்கொண்டிருந்தது. அத்தனையும் புகையான்.

எல்லாரும் மண்டியிட்டபோது அவள் மட்டும் நின்றுகொண்டிருந்தாள். ஜோசப் சேலைத் தலைப்பை இழுத்தான். அவளுக்கு உறைக்கவில்லை. கொடியேறிய நாள் போன வெள்ளிக்கிழமை. அன்றைக்குத்தான் இந்த விளக்கெல்லாம் முதன்முதலாக எரிந்தது. மறுநாள் காலைத் தட்டில்தான் எண்ணிக்கை பாதியானது. கோயிலுக்கும் சாமிதுரையின் வயலுக்கும் நடுவே வெறும் நெல்வயல், ஒரு மரம்கூட மறைவில்லை. இத்தனை பெரிய வெளிச்சம் இங்கே எரியும்போது, வரப்போரத்து ஒற்றைப் பல்பை எந்தப் பூச்சி தேடிப் போகும்? வானத்து நிலாவைக் கணக்கில் எடுத்தவள், தானே காசு கொடுத்துப் போட்ட விளக்கை மறந்துவிட்டாள். பூச்சி குறையவே இல்லை. இடம் மாறி விழுந்திருக்கிறது. அதைப் பார்க்காமல், அடிக்க வேண்டாம் என்று ஊருக்கே சொல்லிவிட்டாள்.

மற்றவர்கள் எப்படியும் ஒரு தடவை அடித்திருப்பார்கள். சாமிதுரை அடித்திருக்க மாட்டார்.

சனிக்கிழமை விடிந்ததும் கோயில் முற்றத்தில் பெருக்கி ஒதுக்கியிருந்த பூச்சிக் குப்பையை ஒரு படி அள்ளி, வெள்ளைத் தட்டில் பரப்பி, தூரிகையால் ஒதுக்கினாள். எண்ணி முடிக்க வேண்டிய அவசியமே இருக்கவில்லை. தட்டை ஜெயப்பிரகாஷிடம் கொடுத்துவிட்டு வயலுக்கு நடந்தாள்.

சாமிதுரை கீழ வயல் மடையில் நின்றிருந்தார். "வாங்க மேடம், ஊருக்குப் போயிட்டு வந்தாச்சா?" என்றார் சிரித்துக்கொண்டே.

அவள் நேரே வயலில் இறங்கினாள். ஒரு குத்துப் பயிரை இரண்டு கையாலும் விலக்கி உள்ளங்கையால் தட்டினாள். தண்ணீரில் சடசடவென்று விழுந்து பரவின. அடித்தண்டு கருத்துப் பிசுபிசுவென்று இருந்தது. இறகு குட்டையான பெண் பூச்சிகள் எங்கேயும் பறக்காமல் அங்கேயே குடித்தனம் நடத்தி முட்டை வைத்துத் தள்ளியிருந்தன. நாலு எட்டு உள்ளே போனால், பாய் விரிக்கிற அளவுக்கு இலை மஞ்சளித்துவிட்டது.

"தப்பு பண்ணிட்டேங்க" என்றாள். நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். கோயில் விளக்கு, பொறி, பெரம்பலூரிலிருந்து தட்டின் படத்தை மட்டும் பார்த்துப் பேசியது, எல்லாவற்றையும். "வயல்ல இறங்கிப் பார்க்காம சொல்லிட்டேன். உங்ககிட்ட கொடுத்த வாக்கை நான் காப்பாத்தல."

சாமிதுரையும் இறங்கி ஒரு குத்தை விலக்கிப் பார்த்தார். சோற்றுத் தூக்கோடு வரப்பில் வந்து நின்ற பாப்பாத்திதான் பேசினாள்.

"படிச்சவங்க சொல்றாங்கன்னு வாயைப் பொத்திக்கிட்டு இருந்தோம்ல? உங்களுக்கு என்னங்க, தப்பாப் போச்சுன்னா மாசம் பொறந்தா சம்பளம் வந்துரும். எங்களுக்கு இதை விட்டா என்ன இருக்கு?"

லீலா மேரிக்குக் கண் எரிந்தது. சொன்னது அத்தனையும் உண்மை.

"சரி வுடு பாப்பாத்தி" என்றார் சாமிதுரை. பிறகு லீலா மேரியிடம், "இப்ப என்ன செய்யணும்?" என்று கேட்டார்.

"முதல்ல தண்ணியை வடிங்க. பயிரைப் பட்டம் பட்டமா, நடுவுல சந்து விட்டுப் பிரிச்சு அடியில வெயிலும் காத்தும் படணும். நாளைக்குத் தண்ணி வடிஞ்சதும் நான் வந்து ரெண்டு வயலையும் எண்ணிப் பார்த்து, எங்க அடிக்கணும்னு சொல்றேன்."

"எனக்கு மட்டும் சொல்லி என்ன பிரயோசனம்? பக்கத்து வயல்லேருந்து வந்து ஏறாதா? ஊருக்கும் சொல்லுங்க" என்று சொல்லிவிட்டு அவர் மடையை வெட்டக் குனிந்தார்.

அலுவலகத்துத் தலைவருக்குப் போன் போட்டாள். நல்ல மனிதர், அவளை மகள் மாதிரி நடத்துபவர். "பதறாதம்மா. புகையான் கூடுது, கவனமா இருங்கன்னு புதுசா ஒரு செய்தி போட்டுடு. திங்கட்கிழமை சொன்னது திங்கட்கிழமை நிலவரம். அதை எவன் திரும்ப எடுத்துக் கேட்கப்போறான்?" என்றார்.

அதில் பொய் என்று எதுவுமில்லை. அப்படிச் செய்தால் அவள் பேரும் கெடாது. ஆனால் திடீரென்று ஒரே நாளில் புகையான் வந்து குதித்ததாக ஊர் நினைக்கும். சும்மா இருந்ததால்தான் வந்தது என்று, கையில் கிடைத்ததையெல்லாம் கலந்து பயிரின் தலையில் அடிக்கும். அதோடு போகுமா? இன்னும் இரண்டு வாரத்தில் கிறிஸ்துமஸ். வீட்டுக்கு வீடு நட்சத்திரம் எரியும். பொறி மறுபடி பொய் சொல்லும். வெளிச்சத்தில் பொறி ஏமாறும் என்று தெரியாதவர்கள் அதையும் நம்புவார்கள். இதையெல்லாம் விட, ஊருக்கும் சொல்லுங்க என்று கேட்ட சாமிதுரையின் முகத்தில் அப்புறம் எப்படி விழிப்பது?

மரியசூசை சப்பரத்துக்குப் பூ கட்டுகிற இடத்தில் இருந்தார். "நாளைக்குத் திருவிழாப் பூசை முடிஞ்சதும் ரெண்டு நிமிஷம் மைக் வேணும் சித்தப்பா" என்று ஆரம்பித்து விஷயத்தைச் சொன்னாள். அவர் கையிலிருந்த பூவை வைத்துவிட்டார்.

"உனக்கென்ன புத்தி பெசகிப் போச்சா லீலா? மாதா கோயில் வெளக்குனாலதான் பூச்சி வந்துச்சுன்னு நாளைக்கே ஊருல பேச்சாயிடும். இத்தன வருசமா இந்து சனங்க தேருக்கு நாம போறோம், நம்ம தேருக்கு அவங்க வராங்க. நீயே சண்டை இழுத்து விட்டுடுவ போலிருக்கே. வேணும்னா வெளக்குப் பேச்சே எடுக்காம சொல்லிட்டுப் போ."

"வெளக்கைச் சொல்லலைன்னா பாதி உண்மைதான் சித்தப்பா. ஆனா வெளக்கு பூச்சியைக் கொண்டுவரல. வயல்ல இருந்ததைத்தான் இழுத்துச்சு. பக்கத்துல வெளக்கு எரியுதுன்னு தெரிஞ்சும் என் பொறியை நம்பினேன் பாருங்க, தப்பு அங்கதான் இருக்கு. அதை நான் சரியாச் சொல்லிடுவேன். எங்கயாவது சறுக்கினா நீங்களே மைக்கைப் பிடுங்கிடுங்க."

அவர் வெகுநேரம் முனகினார். கடைசியில் பங்குச் சாமியாரிடம் போய்க் கேட்டுக்கொண்டு வந்து, "ரெண்டே நிமிஷம்" என்றார்.

திருவிழாப் பூசைக்கு முற்றம் கொள்ளாத கூட்டம். நாலு திக்கும் கூம்பு ஸ்பீக்கர். அவள் பேசுவது கொள்ளிடக் கரை வரை கேட்கும். கல்லூரிகளிலும் கருத்தரங்குகளிலும் மணிக்கணக்காகப் பேசியவள் மைக்கை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"போன திங்கட்கிழமை நான் உங்களுக்கு அனுப்பின செய்தி தப்பு" என்று தொடங்கினாள். "புகையான் கொறையல. இந்தக் கோயில் வெளக்கு பெருசு, என் பொறியோட வெளக்கு சிறுசு. பறக்கிறது பெரிய வெளக்குக்குப் போயிடுச்சு. அது வெளக்கோட தப்பு இல்லைங்க. வெளக்கு எரியுதுன்னு எனக்குத் தெரியும். போர்டுல என் பேருதான் இருக்கு." பின்னால் யாரோ சிரித்தார்கள். "தெரிஞ்சும் வயல்ல எறங்கிப் பார்க்காம நான் சொன்னேன். தப்பு என்னோடது மட்டும்தான். இன்னைக்கே போய்த் தண்ணியை வடிங்க. பயிரை விலக்கி அடியில பாருங்க. கண்ணை மூடிக்கிட்டு மருந்து அடிச்சிடாதீங்க. கூப்பிட்டீங்கன்னா ஒவ்வொரு வயலுக்கும் நான் வரேன்."

"சொன்னவரைக்கும் போதாதா?" என்று ஒரு குரல் கேட்டது. சிலர் தலையில் அடித்துக்கொண்டே வயல்பக்கம் கிளம்பினார்கள். சிலர் கடைப்பக்கம் கிளம்பினார்கள். மரியசூசை மைக்கைத் திரும்ப வாங்கும்போது, "வெளக்கைக் காப்பாத்திட்ட. ஒன்னைத்தான் போட்டு ஒடைச்சிக்கிட்ட" என்று முணுமுணுத்தார்.

பட்டுச் சேலையை மாற்றிக்கொண்டு அவள் சாமிதுரையின் வயலுக்குப் போனபோது வெயில் ஏறியிருந்தது. தண்ணீர் வடிந்திருந்தது. பயிரைப் பிரித்து விட்டிருந்தார்கள். வரப்பில் தெளிப்பான் டேங்க், குடங்களில் கலக்கிய மருந்து, பக்கத்தில் பாப்பாத்தி. எல்லாம் தயார்.

"எண்ணிச் சொல்லுங்க" என்றார் சாமிதுரை.

கீழ வயலில் எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. பார்த்தாலே தெரிந்தது. "இதுல அடிச்சே ஆகணுங்க. மேலாப்புல அடிக்காம தண்டோட அடியில படுற மாதிரி அடிக்கணும்" என்றாள். பிறகு மேல வயலில் இறங்கினாள். முதல் குத்தில் புகையான் இருந்தது. கூடவே ஒரு சிலந்தி முதுகில் குஞ்சுகளைச் சுமந்துகொண்டு ஓடியது. அடுத்த குத்திலும் சிலந்தி. அதற்கடுத்ததில் பச்சை நாவாய்ப்பூச்சிகள் தண்டில் ஊசியைச் செருகி முட்டையைக் குடித்துக்கொண்டிருந்தன. மூலைக்கு மூலை, நடுவில், குறுக்காக என்று பார்த்துக்கொண்டே போனாள். கணக்கு ஒன்றுதான் சொன்னது. இங்கே காவல் பலமாக இருக்கிறது. மருந்து விழுந்தால் காவல்தான் முதலில் சாகும்.

நிமிர்ந்தபோது அவளுக்கு வியர்த்துக் கொட்டியது. அடிக்க வேண்டாம் என்று சொல்லித்தான் ஒரு தடவை மாட்டிக்கொண்டாள். இப்போது இரண்டு வயலிலும் அடியுங்கள் என்று சொல்லிவிட்டால் அவளுக்கு ஒரு கஷ்டமுமில்லை. மேல வயல் நாளைக்குக் காய்ந்தாலும் யாரும் அவளைக் குறை சொல்ல மாட்டார்கள், மருந்துதான் கேட்கவில்லை என்பார்கள். வேண்டாம் என்று சொல்லி அது காய்ந்தால், இந்த ஊர்ப்பக்கம் மட்டுமல்ல, எந்த ஊர்ப்பக்கமும் அவள் தலைகாட்ட முடியாது. சாமிதுரைக்குச் சோறும் இருக்காது. அவளுக்குப் பயமாக இருந்தது. வெறும் பயம், அதில் விஞ்ஞானம் ஒன்றுமில்லை.

"மேல வயல்ல வேணாங்க" என்றாள். பாப்பாத்திக்கும் கேட்கும்படி திரும்பச் சொன்னாள். "மேல வயல்ல அடிக்க வேணாம். இதுல சிலந்தி நெறைய இருக்கு. நான் தினமும் காலையில வந்து எறங்கிப் பார்த்துடுறேன். ஒரு நாள் மாறினாலும் அன்னைக்கே சொல்லிடுறேன்."

"பட்டது பத்தாதாம்மா உங்களுக்கு?" பாப்பாத்தி கத்தியே விட்டாள். "இவங்க பேச்சைக் கேட்டுத்தானே கீழ வயலு போச்சு! நீங்க ரெண்டுலயும் அடிங்க!"

சாமிதுரை மேல வயலைப் பார்த்தார், லீலா மேரியைப் பார்த்தார். டேங்க்கைத் தூக்கி முதுகில் மாட்டிக்கொண்டார். கலக்கி வைத்திருந்தது இரண்டு வயலுக்கும் போதும். கீழ வயலில் இறங்கி, அடித்தண்டில் படும்படி பொறுமையாக, வரிசை வரிசையாக அடித்து முடித்தார். ஏறி வந்து மேல வயல் வரப்பில் நின்றார். பாப்பாத்தி மிச்ச மருந்துக் குடத்தை நீட்டினாள். அவர் அதை வாங்கவில்லை. டேங்க்கைக் கழற்றி வரப்பில் வைத்துவிட்டு, கை கால் கழுவ வாய்க்காலுக்குப் போனார்.

அதற்குப் பிறகு லீலா மேரிக்குத் தூக்கம் என்று ஒன்று இருந்ததாகச் சொல்ல முடியாது. கண்ணை மூடினால் மேல வயல் நடுவில் ஒரு வட்டம் தீய்ந்து விரிந்தது. விடிந்தும் விடியாமலும் பஸ் ஏறி வந்து மேல வயலில் இறங்கினாள். கீழ வயலில் மஞ்சளித்த இடம் விரிந்து காய்ந்தே போனது. ஒரு களத்துமேடு அகலத்துக்குப் பதர்தான். அதற்குமேல் பரவவில்லை. ஊரில் மற்றவர்கள் சிலர் அடித்தார்கள், சிலர் அவளைக் கூப்பிட்டுக் காட்டிவிட்டு அடித்தார்கள், சிலர் அவளைக் கண்டதும் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். பாப்பாத்தி அவளோடு பேசுவதை நிறுத்தியிருந்தாள்.

மேல வயலில் புகையான் முதலில் கொஞ்சம் ஏறியது. சொன்னபடி அன்றைக்கே சாமிதுரையிடம் சொன்னாள். மறுநாள் அப்படியே நின்றது. பிறகு மெல்ல மெல்ல இறங்க ஆரம்பித்தது. கிறிஸ்துமஸ் நட்சத்திரங்கள் எரியத் தொடங்கிய வாரத்தில், அவள் நாலு குத்தை விலக்கினால் மூன்றில் சிலந்தி மட்டும் இருந்தது. கதிர் தலை சாய்ந்து மணி முற்றிக்கொண்டிருந்தது.

அன்றைக்கு அவள் வயல் நடுவில் குனிந்திருந்தாள், சாமிதுரை மடையில் இருந்தார். கதிர் மறைத்ததால் வரப்பில் வந்து நின்றவருக்கு அவள் தெரியவில்லை. வந்தவர் பக்கத்து வயல்காரர் சின்னப்பிள்ளை. இரண்டு தடவை அடித்தும் அவர் வயலில் புகையான் அடங்காமல் மறுபடி ஏறியிருந்தது.

"ஏன் சாமிதுரை, அவ்வளவு பெரிய தப்பு பண்ணின பொம்பள. ஊரு முன்னாடி அதுவே ஒத்துக்கிச்சு. மறுபடியும் எந்த தைரியத்துல அது பேச்சைக் கேட்டு இந்த வயலை வுட்ட?" என்று கேட்டார்.

சாமிதுரை மடையை மண் போட்டு அடைத்துவிட்டு நிமிர்ந்தார்.

"அந்தம்மா தப்பாச் சொன்னா, தப்புன்னு அதுவே வந்து சொல்லும்னு தெரிஞ்சு போச்சுல்ல. இத்தன வருசமா மருந்து வாங்குறோம், கடைக்காரரு ஒரு நாளாவது வந்து சொல்லியிருக்காரா?"

லீலா மேரி நிமிரவில்லை. விலக்கிய பயிரைக் கையில் பிடித்தபடியே நின்றாள். கண்ணீர் மூக்கு நுனி வழியாகச் சேற்றில் சொட்டியது. துடைக்கக் கையில் சேறு.

சின்னப்பிள்ளை செருப்பைக் கழற்றி வரப்பில் விட்டார். ஓரத்துக் குத்து ஒன்றை விலக்கி அடியில் பார்த்தார்.

"அது எப்ப வரும்? என் வயலையும் ஒரு எட்டு எறங்கிப் பாக்கச் சொல்லு" என்றார்.